வளர்மதியின் பக்கமும் என் சிவப்பு மையும்

உதவித்தொகை விண்ணப்பக் காலம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆசிரியர் அறையில் இப்போது மேசைக்கு மேசை படிவங்கள் குவிந்திருக்கும். 'என் கல்வி இலக்குகளும் சமூகத் தொண்டும்' என்ற அந்தப் பாழாய்ப்போன பக்கத்தை எந்தப் பிள்ளைக்கு யார் எழுதித் தருவது என்று உங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். அதே அறையில் வேதியியல் ஆசிரியையாக ஆயுளில் பாதியைக் கழித்தவள் நான். பங்கு பிரிக்கிற வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் தலைமையாசிரியை கேட்டார். பாடம் எப்படி நடத்துவது என்று எழுதப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, ஆனால் கடைசிவரை படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தில்லியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்துவந்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிடைத்தால் பள்ளி முடிந்து கல்லூரி முடியும்வரை கவலை இல்லை. பிப்ரவரி மாதத்தில் சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்தில் நேர்முகம் நடக்கும். படிவத்தில் இரண்டு பக்கம்தான் முக்கியம். ஒன்று, மாணவர் தன் கைப்பட எழுத வேண்டிய இலக்குப் பக்கம். இன்னொன்று, செய்த தொண்டுக்கு ஆசிரியர் கையெழுத்திட்ட குறிப்பேட்டின் நகல்.

தன் கைப்பட என்றால் என்ன அர்த்தம் என்று நாங்கள் எங்களுக்கு வசதியாகப் புரிந்துகொண்டோம். கை பிள்ளையுடையதாக இருக்கும், வாசகம் எங்களுடையதாக இருக்கும். ஆசிரியர் அறை அலமாரியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. எப்போதோ பரிசு வாங்கிய பிள்ளைகளின் பக்கங்களை அதில் படியெடுத்து வைத்திருந்தோம். வருஷா வருஷம் அதிலிருந்துதான் எடுத்து மாற்றி எழுதுவோம். மருத்துவராகி, சொந்த கிராமத்தில் இலவச மருத்துவமனை கட்டி, ஏழைகளின் கண்ணீரைத் துடைப்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

தொண்டுக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நோயாளிகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுப்போம். திரும்பும்போது குறிப்பேட்டில் கையெழுத்து. என் வகுப்பில் ஒரே ஒருத்திதான் ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை. அவள் வளர்மதி.

வளர்மதி ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவள். அப்பா இல்லை. அம்மா நாலைந்து வீடுகளில் வேலை செய்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள், ஆனால் வளர்மதி பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லிதான். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். உயிரியலில் கெட்டி, என் பாடத்தில் மட்டம். இதோடு இன்னொரு குறையும் இருந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது தாமதமாக வருவாள். சும்மா பத்து நிமிஷம் இல்லை, மூன்றாவது பீரியட் நடக்கும்போது வாசலில் வந்து நிற்பாள். கேட்டால், "பஸ் கெடைக்கல டீச்சர்" என்பாள். வகுப்பாசிரியை என்ற முறையில் தாமதப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. தேதி, நேரம் எல்லாம் சிவப்பு மையில் எழுதி, அவளை அந்தப் பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வைப்பேன். நான் கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஜனவரியில் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். சாணக்யபுரியில் ஒரு தூதரகக் குடும்பத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம். வளர்மதியைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல இடம். மார்ச் வரை வேறு யாரையும் வைக்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஸ்காலர்ஷிப் கெடச்சா படிக்கட்டும் டீச்சர். கெடைக்கலன்னா மார்ச்சுல வேலக்கி அனுப்பிடுவேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா.

அவர் மிரட்டவும் இல்லை, அழவும் இல்லை. நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே நிற்க வைத்த பெண்தான் என்றாலும் அவள் என் வகுப்புப் பெண். எப்படியாவது இந்த உதவித்தொகையை அவளுக்கு வாங்கித் தந்துவிட வேண்டும் என்று முடிவுகட்டினேன். நான் செய்த தப்பு கெட்ட எண்ணத்தில் நடந்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன்.

இலக்குப் பக்கத்தை நீயே எழுதிக்கொண்டு வா என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'பன்னிரண்டாவதில் கெமிஸ்ட்ரியில் பாஸ் செய்ய வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்பு படிக்க வேண்டும். எங்கள் கேம்பில் உள்ள அம்மாக்களுக்கு ஹிந்தி வராது. அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன். ரத்தம் எடுக்கிற இடத்தில் தமிழ் தெரிந்த ஒருத்தர் இருந்தால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். அந்த ஒருத்தராக நான் இருக்க வேண்டும்.'

விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கெமிஸ்ட்ரி பாஸ் என்ற வரிக்குப் பக்கத்தில், 'இதெல்லாம் ஒரு லட்சியமா?' என்று எழுதினேன். ஆஸ்பத்திரி வரிக்குக் கீழே கோடு போட்டு, 'இது அக்கம்பக்கத்து உதவி. தொண்டு எங்கே?' என்று எழுதினேன். பிறகு நீல நோட்டை எடுத்து, எனக்குப் பிடித்த அந்த மருத்துவமனையை அவளுக்காகக் கட்டத் தொடங்கினேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் முத்து முத்தாகப் படியெடுத்தாள். ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்து, எந்தக் கிராமம் என்று போட வேண்டும் என்று கேட்டாள். உங்கள் சொந்த ஊரைப் போடு என்றேன். நான் அங்கே போனதே இல்லையே டீச்சர் என்றாள். பேர் தெரியுமல்லவா, அது போதும் என்றேன். அவளுடைய தாள் மேசையிலேயே கிடந்தது. அதன் பின்பக்கத்தில் சாணக்யபுரிக்கு எந்தப் பஸ், எங்கே மாற வேண்டும் என்று குறித்துக்கொண்டு, மடித்து என் கைப்பையில் போட்டேன். தொண்டுக் குறிப்பேடு காலியாக இருந்ததால், கடைசி இரண்டு ஞாயிறுகளுக்கு அவளை வற்புறுத்தி வரவழைத்தேன். ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன்.

நேர்முகம் அன்று நல்ல வெயில், ஆனால் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத குளிர். கூடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி, தும்பைப்பூவாய் நரைத்த தலை. கூட வந்த ஆசிரியர்கள் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார அனுமதி உண்டு. வளர்மதியின் முறை வந்ததும் அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, இந்த வருஷம் இதுவரைக்கும் ஆறு இலவச மருத்துவமனை வந்துவிட்டது, இது ஏழாவது என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு அவர் நிதானமாகக் கேட்டார். உன் கிராமத்தில் எத்தனை வீடு இருக்கும்? தெரியாது சார் என்றாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி எதுவும் இல்லையா? தெரியாது சார், நான் போனதில்லை. போகாத ஊரில் எதற்கு ஆஸ்பத்திரி கட்டுகிறாய்?

வளர்மதி கொஞ்சம் யோசித்தாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அது டீச்சர் எழுதினது சார். நான் வேற எழுதியிருந்தேன்."

நீ எழுதியது எங்கே என்று அவர் கேட்டார். டீச்சரிடம் கொடுத்தேன் என்றாள். மூன்று பேரும் பின்வரிசையைப் பார்த்தார்கள். மற்ற பள்ளி ஆசிரியர்களும் திரும்பினார்கள். என் கைப்பை மடியில் இருந்தது.

அந்தப் பத்து விநாடியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தத் தாள் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். வாய் நுனிவரை வந்துவிட்டது. ஏன் என்றால் அதில் இருப்பது அவள் எழுத்து மட்டும் இல்லை, என் சிவப்பு மையும் இருக்கிறது. 'இதெல்லாம் ஒரு லட்சியமா?' என்று நான் கேட்டதை இத்தனை பேர் படிப்பார்கள். பள்ளியின் பெயர் கெடும். கைப்பட எழுத வேண்டிய பக்கத்தை நான் எழுதினேன் என்று ஆனால் விண்ணப்பமே போய்விடும், மார்ச்சில் அந்தப் பெண் வேலைக்குப் போக வேண்டியதுதான். தொலைந்தது என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் இல்லை என்று சொன்னால், அந்தக் கூடத்தில் பொய் சொன்னவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். எனக்குத் துணிச்சல் எல்லாம் வரவில்லை. வெட்கத்தோடுதான் பையைத் திறந்தேன்.

அதிகாரி தாளை வாங்கி, பின்பக்கத்தில் பஸ் நம்பர்களைப் பார்த்துவிட்டுத் திருப்பினார். அவள் வரிகளை வாய்விட்டுப் படித்தார். சிவப்பு மை வந்த இடங்களில் மட்டும் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை என்னைப் பார்த்தார். என் வரிகளை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த மனிதரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, அந்த மரியாதையை மறக்கவில்லை.

பிறகு வளர்மதியிடம், டாக்டர் மோசமான செய்தி எதுவும் சொன்னால் அதை எப்படி அவர்களிடம் சொல்வாய் என்று கேட்டார்.

"மொதல்ல அவங்கள உக்கார வைப்பேன் சார்" என்றாள். "நின்னுட்டே கேட்டா பாதி காதுல ஏறாது. ஒரு தடவ ஒரு அக்கா நின்னுட்டே கேட்டு விழுந்துட்டாங்க. கையில கொழந்த வேற. அதுலேர்ந்து உக்கார வச்சிட்டுத்தான் சொல்லுவேன்."

"எல்லாத்தையும் சொல்லிடுவியா? கொஞ்சம் குறைச்சுச் சொல்ல மாட்டியா?"

"கொறச்சு சொன்னா அடுத்த வாரம் நான்தானே சார் மறுபடி சொல்லணும். எல்லாத்தையும் சொல்லிட்டு, தண்ணி வாங்கிக் குடுத்துட்டு, கொஞ்ச நேரம் பக்கத்துல இருப்பேன்."

எந்த நாட்களில் போவாய் என்று கேட்டார். செவ்வாயும் வெள்ளியும், சீட்டு வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்றாள். செவ்வாயும் வெள்ளியும் என்று காதில் விழுந்ததும் எனக்கு என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. தாமதப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே நான் சிவப்பில் எழுதிய தேதிகள் எல்லாம் அந்தக் கிழமைகள்தான். ஒரு வருஷமாக அவளுடைய தொண்டுக் குறிப்பேட்டை நானேதான் ஒழுங்காக எழுதி வந்திருக்கிறேன், எழுதிவிட்டு அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

எல்லோரும் முடிந்ததும், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிவு சொன்னார்கள். நான் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளர்மதி வெளியே வந்தாள். அவசரம் இல்லாமல் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், மொதல்ல உக்காருங்க" என்றாள்.

படியில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். படிவத்தில் இருப்பது அவள் எழுதியது இல்லை என்பதால் இந்த வருஷம் கொடுக்க விதி இடம் தரவில்லையாம். அடுத்த வருஷம் அவளே எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். ஒன்றையும் குறைக்காமல் சொல்லி முடித்துவிட்டு, "தண்ணி கொண்டாரட்டா டீச்சர்?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். படிப்பு போகப்போவது அவளுக்கு. உள்ளே போய்த் தண்ணீர் வாங்கி வந்ததும் அவள்தான்.

அன்று சாயங்காலமே அவளோடு மதராசி கேம்புக்குப் போனேன். என் மாணவியாகப் பல வருஷம் இருந்தவள், அவள் வீட்டுக்கு அன்றுதான் முதல்தடவை போகிறேன். பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய சந்தில், அவள் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து குடத்தை இறக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குடத்தை விட்டுவிட்டு நின்றார். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் கற்றுக்கொண்டது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

"முதல்ல உக்காருங்கம்மா" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள், அவள் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றேன். இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்டேன். அந்தத் தூதரக வீட்டில் மார்ச்சுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

கடைசியில் சொன்னார்: "நீங்க வந்து சொல்லலன்னா நான் இவளத்தான் ஏசியிருப்பேன், ஒழுங்கா பதில் சொல்லாம வந்துட்டான்னு. சரி, ஒரு வருசம் போவட்டும். கெமிஸ்ட்ரிய நீங்கதான் பாத்துக்கணும்." கொஞ்சம் விட்டு, "செவ்வா வெள்ளி லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்காதீங்க டீச்சர். வெடியக்காலம் எழுந்து போற பொண்ணு, கால் வலிக்கும்" என்றார்.

இனி நிற்க வைக்க மாட்டேன் என்றேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு அவளுடைய அடுத்த வருஷப் படிப்புக்கு வழி செய்தவரும் அவர்தான். நீல நோட்டை நானே வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வளர்மதியோடு ஆஸ்பத்திரிக்கும் போனேன். சீட்டு வரிசையில் நான்கு அம்மாக்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். யாருக்கு எந்த அறை, யார் வெறும் வயிற்றில் வந்திருக்க வேண்டும், யாருடைய பழைய சீட்டு யாரிடம் இருக்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காவலாளியிடம், "பையா, ஜரா சுனியே" என்று ஹிந்தியில் பணிவாகப் பேசிக்கொண்டே அவள் முன்னால் போக, நான் அவளுடைய புத்தகப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். என் வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள்தானா என்று இருந்தது. அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளிகளில் விட்டுப்போன பாடத்தை மதிய உணவு இடைவேளையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சில நாள் திட்டவும் செய்தேன். கெமிஸ்ட்ரி என்று வந்துவிட்டால் என் குணம் மாறாது.

பிள்ளைகள் எழுதியதைத் தொடவே தொடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. தேதி விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள், பெயர் தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் இலக்கு உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, இதை நீ எங்கே பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வராத பிள்ளை மற்ற ஆறு நாளும் என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். உங்கள் தாமதப் பதிவேட்டையும் எப்போதாவது எடுத்து நிதானமாகப் படியுங்கள். அதில் நமக்குத் தெரியாத செய்தி நிறைய இருக்கிறது.

அடுத்த பிப்ரவரியில் வளர்மதி மறுபடி விண்ணப்பித்தாள். தொண்டுக் குறிப்பேட்டுக்குப் பதிலாகத் தாமதப் பதிவேட்டின் பக்கங்களை நகலெடுத்து, இவை அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்கள், நான் நேரில் பார்த்து அறிந்தேன் என்று எழுதி இணைத்தேன். இலக்குப் பக்கத்தை அவள் ஓர் உறையில் போட்டு ஒட்டியே கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் டீச்சர் என்று சொல்லும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே விருந்தினர் இல்லம், அதே குளிர். இந்தத் தடவை ஆசிரியர்களை உள்ளே விடவில்லை. வராந்தாவில் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். மதியம் தாண்டிக் கதவு திறந்தது. வளர்மதி வெளியே வந்தாள், போன வருஷம் போலவே அவசரம் இல்லாத நடை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் நானே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"எந்திரிங்க டீச்சர். இன்னைக்கு நின்னுட்டே கேக்கலாம்."